கீழிமைக்குள் ஒரு கோடு

கயலின் மூக்குக்கண்ணாடி அரிசி டிரம்முக்குள் போன கதையைத் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆதம்பாக்கத்திலிருந்து சேரன் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, "கண்ணாடி போட்ட பொண்ணுன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்று புஷ்பம் தன் மகளின் கண்ணாடியைக் கழற்றி அரிசிக்குள் புதைத்தாள். பெண் பிடித்துப்போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். புதைத்ததைத் தோண்டி எடுக்கத்தான் யாருக்கும் துணிவு வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து எந்த நேரத்தில் வீடியோ காலில் கூப்பிடுவார்களோ என்ற பயத்தில் கயல் வீட்டிலும் கண்ணாடி போடவில்லை. தி.நகர் புடவைக் கடையில் தன்னோடு வேலை பார்ப்பவள் சொன்னதைக் கேட்டு காண்டாக்ட் லென்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டாள். இந்தப் பொய்யில் அண்ணி அன்புச்செல்விக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு அரிசி டிரம்மின் மூடியை இறுக்கி மூடியவள் அவள்தான்.

திங்கட்கிழமை காலை. மந்தைவெளி ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில் அன்புச்செல்வி மெஷினில் உட்கார்ந்து ஒரு பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். கணவன் பிரபு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மாமியார் புஷ்பம் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். ஒரு வாரமாகத் தினமும் போகிறாள். மகளின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடக்கத்தான் என்று அன்பு நினைத்திருந்தாள்.

"அண்ணீ!"

உள்ளறையிலிருந்து வந்த குரலில் மெஷின் நின்றது.

கயல் கண்ணாடி பீரோவின் முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இடது கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணு தெரியல அண்ணி. ஒரே வெள்ளையா கீது. பொக மாதிரி."

"கசக்காத! கைய எடு மொதல்ல. இன்னா பண்ண?"

"ரெண்டு நாளா செவந்துகினே இருந்துச்சி. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவட்டும்னு அண்ணன் கண்ணு மருந்த கொஞ்சம் எடுத்து..."

போன வாரம் பிரபுவுக்கு வலது கண் சிவந்து, மேலிமையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. கருவிழியில் வைரஸ் புண் என்று சொல்லி ஒரு ஜெல் டியூபைக் கொடுத்தார் டாக்டர். பிரபுவின் துண்டை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலமே அன்பு அவனுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை என்று எல்லாவற்றையும் பிரித்து வைத்தாள். டியூபைப் பிரித்து வைக்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. சாமி படத்துப் பலகையில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், எல்லோர் கைக்கும் எட்டும்படி அது நின்றுகொண்டிருந்தது.

"லென்ஸ கழட்டிட்டுதான போட்ட?"

கயல் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"லென்ஸ் மேலயா போட்ட? எதால போட்ட?"

"வெரல்லதான் அண்ணி. மை இட்டுக்கிற மாதிரி."

அந்த வீட்டில் கண்ணுக்குள் எது போவதாக இருந்தாலும் அது மோதிர விரலில்தான் போகும். தலைமுறை தலைமுறையாக மை இட்டுப் பழகிய விரல். கயல் லென்ஸைக் கழற்றப் பார்த்திருக்கிறாள். அது வழுக்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. தேடுகிறேன் என்று நகத்தை வேறு விட்டிருக்கிறாள்.

திட்டுவதற்கு நேரம் இல்லை. எதைப் போட்டாள் என்று டாக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே என்று அன்பு டியூபை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையில் வைத்தாள். நாத்தனாரின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். அடையாறு கண் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தப் பிடியை அவள் விடவில்லை. கசக்க விட்டால்தானே!

"கண்ணு போயிடுமா அண்ணி?"

"வாய மூடு. ஒண்ணும் ஆவாது."

சொன்னாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து கூடவே வளர்ந்த பெண். இருபத்து மூன்று வயதில் ஒரு கண் போய்விட்டால்? அதுவும் தான் அலட்சியமாக வைத்த மருந்தால்? ஷேர் ஆட்டோ பாலத்தில் ஏறியபோது அன்பு தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் போன வாரம் பிரபுவைப் பார்த்த அதே டாக்டர் மஹதிதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வரிசையைத் தாண்டி உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

கயலின் மேலிமையைத் திருப்பி, உள்ளே மடிந்து கிடந்த லென்ஸை டாக்டர் எடுத்தார். ஜெல் பூசிய கண்ணாடிக் காகிதம் போல அது வந்தது. பிறகு கண்ணைக் கழுவி, ஆரஞ்சுச் சாயம் தொட்டு, நீல விளக்கில் நெடுநேரம் பார்த்தார். அன்பு சுவரோரம் நின்று தன் முந்தானையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"கீறல் இருக்கு. நகம் பட்டதா இருக்கலாம். மேலாகத்தான் இருக்கு, ஆழமில்லை" என்றார் டாக்டர். "ஆனா எனக்குப் பயம் அது இல்லை. எந்த மருந்தைப் போட்டீங்க?"

அன்பு கவரை நீட்டினாள். டியூபைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"இது உங்க வீட்டுக்காரருக்கு நான் எழுதினதாச்சே! போடும்போது டியூப் வாய் அவர் இமையில பட்டிருந்தா, அந்த வைரஸ் அப்படியே இதுல உட்கார்ந்திருக்கும். அதே டியூபை, கீறல் விழுந்த கண்ணுல... அவர் எத்தனை நாளா இதைப் போடறார்?"

"போன வாரத்துலேந்து டாக்டர்" என்றாள் அன்பு. குரல் அவளுடையது போலவே இல்லை.

"இல்ல டாக்டர்" என்றாள் கயல், கண்ணை மூடியபடியே. "அது புது டியூபு. சீலு ஒடையல. மூடில முள்ளு மாதிரி ஒண்ணு இருக்குமே, அத வெச்சி நான்தான் காலைல குத்தித் தொறந்தேன்."

"நிச்சயமா?"

"சத்தியமா டாக்டர். குத்தறதுக்கே கஷ்டமா இருந்துச்சி."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல வேளை! அப்போ கவலையே இல்லை. இந்தக் கீறல் ரெண்டு மூணு நாள்ல ஆறிடும்."

போன உயிர் திரும்பி வந்தது போலக் கயல் அழ ஆரம்பித்தாள். அன்புக்கும் கண் நிறைந்தது. ஆண்டவா, பிள்ளை தப்பித்தாள். அந்த நிம்மதியை முழுசாக ஒரு மூச்சு இழுக்கக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சீல் உடையவில்லை என்றால்?

ஒரு வாரமாகப் பிரபு தினமும் காலையில் பலகையிலிருந்து அந்த டியூபை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போகிறான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். "போட்டாச்சா?" என்றால் "ஆச்சி" என்கிறான்.

டாக்டருக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. "அவரை இன்னைக்கே வரச் சொல்லுங்க. புண் ஆழமா இறங்கினா தழும்பு விழுந்துடும். தழும்பு பார்வைக்கு நடுவுல விழுந்துட்டா அப்புறம் கஷ்டம்" என்றார்.

அன்பு வெளியே வந்து பிரபுவுக்குப் போன் போட்டாள். கயலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்ததை மட்டும் சொல்லி, "வண்டிய எடுத்துகினு வா" என்றாள். மிச்சத்தைச் சொன்னால் வர மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

பெஞ்சில் கயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "டாக்டர் சொல்ற வரைக்கும் லென்ஸ் போடக் கூடாதாம் அண்ணி. ஞாயித்துக்கெழம நான் இன்னா பண்றது?"

"கண்ணாடி போட்டுகினு உக்காரு."

"அவருக்குத் தெரியாதே!"

"தெரியட்டும். நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

மற்ற கண்ணின் லென்ஸையும் டாக்டர் கழற்றச் சொல்லிவிட்டதால் கயலால் போனின் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. அன்புதான் எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் திணித்தாள். சேரன் ஏ.சி. மெக்கானிக். எங்கோ ஒரு மொட்டை மாடியில் நின்றிருக்க வேண்டும், காற்று இரைந்தது.

"நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்" என்று ஆரம்பித்த கயல், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கண்ணாடி, பவர், அரிசி டிரம், லென்ஸ், அண்ணன் மருந்து. ஒன்றையும் விடவில்லை.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் கயல்."

"எப்டி?"

"பொண்ணு பாக்க வந்தப்போ நீ மொதல் காபிய யாருக்குக் குடுத்த? எங்க வேன் டிரைவர் நதீம் அண்ணனுக்கு. குடுத்துட்டு வெக்கப்பட்டு சிரிச்ச வேற. அந்தாளு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு."

அன்புச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். கயலுக்குச் சிவப்பு கண்ணோடு நிற்காமல் முகமெல்லாம் பரவியது.

"கண்ணு எப்டி கீது இப்ப? அத சொல்லு. கண்ணாடிய எடுத்துப் போடு மொதல்ல" என்றான் சேரன். பிறகு குரல் சற்றே இறங்கியது. "நீ சொல்லிட்ட. நானும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. போன்ல வேணாம். சாயங்காலம் வரேன்."

என்ன என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். அதையே யோசித்துக்கொண்டிருக்க அவர்களுக்கும் நேரம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரபுவின் ஆட்டோ வந்து நின்றது. காலை வேளையிலும் கூலிங் கிளாஸ். அதை ஸ்டைல் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்த தன்னை நினைத்து அன்புக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னாச்சி கயலுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீ மருந்து போடறியா?"

"போட்டுகினுதான கீறேன். டெய்லி போடறேன்."

"சீல ஒடைக்காம எப்டிய்யா போட்ட? மூடி மேலயே கண்ண வெச்சி தேச்சிகினியா?"

பிரபு ஆட்டோவின் மீட்டரைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், பெண்டாட்டியை மட்டும் பார்க்கவில்லை.

"கண்ணாடிய கழட்டு."

கழற்றினான். கண் போன வாரத்தைவிட மோசமாக இருந்தது. வெளிச்சம் தாங்காமல் உடனே மூடிக்கொண்டது. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் வண்டி ஓட்டினான்! அன்புக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"எமைல முத்து முத்தா வந்துச்சில்ல" என்றான் பிரபு, மெதுவாக. "அம்மா பாத்துட்டு, ஆத்தா எறங்கிக்கீறா, மருந்து படக் கூடாதுன்னு சொல்லிச்சி. வேப்பில வெச்சிகினு, மஞ்சத் தண்ணி தெளிச்சிகினு இருந்தா தானா எறங்கிடுமாம். உன்கிட்ட சொன்னா நீ சண்ட போடுவ."

"அதுக்குன்னு?"

"நைனாக்கு அம்ம போட்டப்போ அம்மா பேச்ச கேக்காம ஊசி போட்டாங்க அன்பு. மூணா நாளு பூட்டாரு. அப்போ எனக்கு ஒம்போது வயசு. அதுலேந்து அம்மா இந்த விஷயத்துல யார் சொல்லியும் கேக்காது."

அன்புவின் கோபம் பாதிக்குப் பாதி கரைந்துபோயிற்று. மாமியார் தினமும் எந்தக் கண்ணுக்காகக் கோயிலுக்குப் போனாள் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் மஹதி நீல விளக்கில் பார்த்தார். பிறகு எடுத்த படத்தைக் கணினியில் காட்டினார். கருவிழியின் ஓரத்தில் இலையில்லாத சின்ன மரக்கிளை ஒன்று பச்சையாக மின்னியது.

"கிளை விட்டிருக்கு. ஆனா இன்னும் மேல்தோல்லதான் இருக்கு, நடுவுக்கு வரலை. இன்னைக்கே ஆரம்பிச்சா முழுசா ஆறிடும்."

"கண்ணு தப்பிச்சிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் அன்பு.

"தப்பிச்சிடும். ஆனா மருந்து கண்ணுக்குள்ள போகணும். பலகையில இருந்தா போதாது."

காலையிலிருந்து இரண்டாவது முறையாக அன்புவின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

கயலின் விரல் பட்ட டியூபை டாக்டர் குப்பைக் கூடையில் போட்டார். பிரபுவுக்குப் புதிதாக ஒன்றை எழுதினார். கயலுக்கு ஒரு சொட்டு மருந்தும், உறுத்தல் தணிய வேறொரு ஜெல்லும். சொட்டு மருந்து முதலில், பத்து நிமிஷம் கழித்து ஜெல். "ஜெல்லை முதல்ல போட்டா சொட்டு உள்ளேயே போகாது" என்றார். அண்ணன் டியூப் அண்ணனுக்கு, தங்கை டியூப் தங்கைக்கு. அட்டை மேல் பெயரையும், திறந்த தேதியையும் எழுதச் சொன்னார். எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாதாம். தோசை மாவைக்கூட நாள் பார்த்துக் கொட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள் அன்பு.

"முழிச்சிருக்கற நேரத்துல அஞ்சு வேளை" என்றார் பிரபுவிடம். "போட்டதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கும். அது வியாதி இல்லை, ஜெல்லோட குணம். தெளியற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க. இப்போதைக்கு வண்டியே வேண்டாம், நான் சொல்றேன். சிவப்பு போயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. ஸ்டாண்ட்ல யாராவது நல்ல சொட்டு மருந்துன்னு குடுத்தா வாங்கிப் போட்டுடாதீங்க. சிலது இந்தப் புண்ணை ரெண்டு மடங்கு ஆக்கிடும்."

ஆட்டோவை ஆஸ்பத்திரி ஓரத்திலேயே விட்டுவிட்டு, சவாரியாக இன்னொரு ஆட்டோவில் ஏறினான் பிரபு. பின் சீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் வழியெல்லாம் டிரைவருக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அன்பு செய்த முதல் காரியம், அரிசி டிரம்மைத் திறந்து முழங்கை வரை கையை விட்டதுதான். கண்ணாடி வெள்ளைத் தூசியோடு வெளியே வந்தது. கயல் அதைக் கழுவித் துடைத்து மாட்டிக்கொண்டு, பல நாள் கழித்து வீட்டைப் பார்ப்பவள் போலச் சுற்றிலும் பார்த்தாள்.

வாசலில் புஷ்பம் நின்றிருந்தாள். கையில் வேப்பிலைக் கொத்து, நெற்றியில் மஞ்சள். மகளின் மூக்கில் கண்ணாடி, மகனின் சட்டைப் பையில் புது டியூப். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"இன்னாடா இது?"

"டாக்டர் படத்துல காட்னாங்கமா" என்றான் பிரபு. "கண்ணுக்குள்ள கெள கெளயா புண்ணு. உட்டா நடுவுல வந்துடுமாம்."

புஷ்பத்தின் பார்வை சுவரில் மாட்டியிருந்த புருஷனின் படத்துக்குப் போயிற்று.

அன்பு மாமியாரின் அருகில் போனாள். சண்டைக்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை.

"அத்த, நீங்க வேப்பில வைங்க. தலமாட்டுல வைங்க, வாசல்ல கட்டுங்க. நான் வேணாங்கல. கண்ணுக்குள்ள மட்டும் நான் மருந்து போடறேன். மாமாக்கு ஆனது இவருக்கு ஆவாது. எனக்கும் இவரு வேணும் அத்த."

கீழ் வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. இனியும் பொறுக்க முடியாமல் அன்பு டியூபை எடுத்து மூடியைத் திருகப் போனாள்.

"கைய கழுவினியா?"

அன்பு திரும்பிப் பார்த்தாள். கேட்டது புஷ்பம்.

"அரிசிக்குள்ள உட்ட கையி. ஆத்தா கீற எடத்த அந்தக் கையால தொடுவியா? போ. சோப்பு போட்டு நல்லா கழுவிகினு வா. அவனையும் கழுவச் சொல்லு."

மருந்து எழுதிக் கொடுத்தபோது டாக்டர் முதலில் சொன்னதும் அதைத்தான். அன்புக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குழாயடிக்கு ஓடினாள்.

பிரபு நாற்காலியில் தலையைச் சாய்த்து மேலே பார்த்தான். அன்பு அவன் கீழிமையைக் கீழே இழுத்தாள். டியூப் வாய் எங்கும் படாமல், இமைக்குள் ஒரு அரிசி நீளத்துக்குச் சின்னக் கோடு. மெதுவாக மூடச் சொன்னாள்.

"கசக்காதடா" என்றாள் புஷ்பம், அவன் கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு. வேப்பிலைக் கொத்து அவள் மடியில் கிடந்தது. "எத்தினி வேள போடணும்?"

"அஞ்சி வேள அத்த."

"கோயில்லேந்து வந்தப்புறம் ஒரு வேளைய என் பொறுப்புல உடு."

அன்பு மாமியாரின் தோளில் நெற்றியை வைத்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. புஷ்பம் விலகவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கீழே ஒரு பைக் வந்து நின்றது.

"சேரன்" என்றாள் கயல். பழக்க தோஷத்தில் அவள் கை கண்ணாடியைக் கழற்றப் போயிற்று. பாதியில் நின்றது. கண்ணாடியை மூக்கின் மேல் நன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

இப்போது அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பைக்கை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தான் சேரன். அவன் பின்னாலிருந்து, அவன் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள் நாலு வயசுப் பெண் குழந்தை ஒருத்தி.